கல்விக்கடனை அடைக்க உதவும் நிறுவனமா, கூடுதல் ஊதியம் தரும் நிறுவனமா?

கேள்வி இது: டெக்சாஸில் முதுகலைப் படிப்பை முடித்த ஒருவருக்கு ஆஸ்டினில் இரண்டு வேலைகள் கிடைத்திருக்கின்றன. முதல் நிறுவனம் ஆண்டுக்கு 84,000 டாலர் ஊதியமும், கல்விக்கடனை அடைக்க மாதம் 200 டாலரும் தருவதாகச் சொல்கிறது. இரண்டாவது நிறுவனம் 88,000 டாலர் தருகிறது, கடனுதவி கிடையாது. கடன் இந்திய வங்கியில் வாங்கியது. இன்றைய மதிப்பில் சுமார் 40,000 டாலர், வட்டி 10 விழுக்காடு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில், படிப்பு முடிந்தபின் சில காலம் வேலைபார்க்க விடும் ஓபிடி அனுமதியோடு வேலையைத் தொடங்கப் போகிறார். எதை ஏற்பது என்று கேட்கிறார்.

ஊதியக் கணக்கும் ஊழியர் சலுகைகளும் பார்க்கும் வேலையில் இருப்பவன் நான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டாவது வேலை சற்றே மேல். ஆனால் முதல் நிறுவனத்தின் திட்ட ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து இந்த முடிவு தலைகீழாகலாம். வேலைக் கடிதத்தில் இருக்கும் 'மாதம் 200 டாலர்' என்ற ஒற்றை வரியை நம்பி முடிவெடுக்காதீர்கள். இந்தச் சலுகையில் சட்டம் அனுமதிப்பது ஒன்று, நிறுவனம் தருவது இன்னொன்று, உங்கள் கடனுக்குப் போய்ச் சேருவது வேறொன்று.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு 1978-இல் வந்தது. ஊழியரின் படிப்புக்கு நிறுவனம் செலவிட்டால், ஒரு வரம்பு வரை அது ஊழியரின் வருமானமாகக் கணக்கில் வராது என்பது அதன் சாரம். 1986-இல் அந்த வரம்பு ஆண்டுக்கு 5,250 டாலராக ஆனது. அதன்பின் அந்த எண் அசையவே இல்லை. விலைவாசியோடு ஏறியிருந்தால் இன்று 15,000 டாலருக்கு அருகில் இருந்திருக்கும். நீண்ட காலம் இந்தப் பிரிவு கல்லூரிக் கட்டணம், புத்தகம் போன்ற செலவுகளுக்கு மட்டுமே உதவியது. ஏற்கெனவே படித்து முடித்துக் கடனோடு வந்தவருக்கு அதில் இடமில்லை. 2016-இல் பிடபிள்யூசி என்ற தணிக்கை நிறுவனம் ஆண்டுக்கு 1,200 டாலரும் ஃபிடெலிட்டி என்ற முதலீட்டு நிறுவனம் 2,000 டாலரும் ஊழியர்களின் கடனுக்குக் கட்டத் தொடங்கியபோது, அந்தத் தொகை சாதாரண ஊதியம்போலவே வரிக்கு உட்பட்டது.

கொரோனா காலத்தில் இது மாறியது. 2020 மார்ச் 27 அன்று கையெழுத்தான கேர்ஸ் சட்டம், நிறுவனம் செலுத்தும் கல்விக்கடன் தவணைகளையும் அதே 5,250 டாலர் வரம்புக்குள் சேர்த்தது. முதலில் அந்த ஆண்டின் இறுதிவரை என்றார்கள். பிறகு 2025 இறுதிவரை நீட்டித்தார்கள். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய வரிச் சட்டம் அதை நிரந்தரமாக்கிவிட்டது. 2026-க்குப் பிந்தைய ஆண்டுகளில் வரம்பும் விலைவாசியைப் பின்பற்றி உயரும். காலாவதித் தேதி இருந்தவரை பல நிறுவனங்கள் இதைத் தொடத் தயங்கின. இன்று அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இல்லை.

நிபந்தனைகளும் உண்டு. எழுத்துவடிவில் திட்டம் இருக்க வேண்டும். தகுதியுள்ள ஊழியர்களுக்கு அதை அறிவிக்க வேண்டும். உயர் ஊதியக்காரர்களுக்கும் உரிமையாளர்களுக்கும் சாதகமாக அமைக்கக்கூடாது. ஊழியருக்கு 'ரொக்கமா, கடனுதவியா' என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் தரக்கூடாது. உங்களுக்கு முக்கியமானது இந்தக் கடைசி நிபந்தனைதான். சிலர் வேலைப் பேச்சுவார்த்தையில், 'என் ஊதியத்தில் ஐயாயிரத்தைக் குறைத்துக்கொண்டு அதைக் கடனுக்குக் கட்டுங்கள்' என்று கேட்கிறார்கள். அப்படிச் செய்தால் வரிவிலக்கு போய்விடும். இரண்டாவது நிறுவனத்தில் திட்டமே இல்லையென்றால், உங்கள் ஒருவருக்காக மட்டும் அவர்கள் அதை உருவாக்க முடியாது. கடனை அடைப்பதற்கென்று, வேலையில் சேரும்போது ஒருமுறை தரும் ஊக்கத்தொகை தரலாம். அதற்கு முழு வரி உண்டு. பேச்சுவார்த்தையில் உங்களால் அசைக்க முடிந்தவை ஊதியமும் அந்த ஊக்கத்தொகையும்தான்.

இனிக் கணக்கு. மாதம் 200 என்றால் ஆண்டுக்கு 2,400 டாலர். உங்கள் ஊதியத்தில் மேல் அடுக்கு டாலர்களுக்குக் கூட்டரசு (அமெரிக்க மத்திய அரசு) வருமான வரி 22 விழுக்காடு. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை. எஃப்-1 மாணவராக வந்த முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்குச் சமூகப் பாதுகாப்பு வரியும், முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேர் வரியும் பொதுவாக உங்களுக்குக் கிடையாது. ஆகவே வரியில்லாத 2,400 டாலர், வரி கட்டும் 3,077 டாலர் ஊதியத்துக்குச் சமம். எச்-1பி என்ற வேலை விசாவுக்கு மாறியபின் அந்த இரு வரிகளுமாக 7.65 விழுக்காடு பிடிக்கத் தொடங்குவார்கள். அப்போது இதே 2,400-இன் மதிப்பு சுமார் 3,411 டாலராக உயரும். ஆக முதல் வேலையின் உண்மையான மதிப்பு 87,100 முதல் 87,400 டாலர் வரை. இரண்டாவது 88,000. வித்தியாசம் சிறிதுதான். ஆனால் அடிப்படை ஊதியத்தின் மேல்தான் அடுத்த ஆண்டின் உயர்வும் ஊக்கத்தொகையும் கணக்கிடப்படும். கடன் தீர்ந்த நாளில் 200 டாலர் நின்றுவிடும், ஊதியம் நிற்காது. எண்களில் இரண்டாவது மேல் என்று நான் சொன்னதற்கு இதுதான் காரணம்.

அதே வேளையில், அந்த 200 டாலரை அற்பமாக நினைத்துவிடாதீர்கள். 10 விழுக்காடு வட்டியில் 40,000 டாலரைப் பத்தாண்டில் அடைக்க மாதத் தவணை சுமார் 529 டாலர். உங்கள் தவணையை நீங்கள் குறைக்காமல் கட்டி, நிறுவனத்தின் 200 டாலர் அதன் மேல் கூடுதலாகச் சேர்ந்தால், கடன் 120 மாதங்களுக்குப் பதிலாக 74 மாதங்களில் முடிந்துவிடும். வட்டியில் மட்டும் சுமார் 9,700 டாலர் மிச்சம். நிறுவனம் தந்தது ஏறத்தாழ 14,700 டாலர். இரண்டையும் கூட்டினால் உங்கள் பையிலிருந்து போகவிருந்த 24,000 டாலருக்கு மேல் போகாமல் தங்கும். கூடுதல் ஊதியத்தையும் அப்படியே கடனுக்குத் திருப்பும் மன உறுதி இருந்தால் இரண்டாவது வேலையிலும் இதே பலன் கிடைக்கும். பெரும்பாலோர் அப்படித் திருப்புவதில்லை. ஊதியத்தோடு கலந்த பணம் வாடகையிலும் காரிலும் கரைந்துவிடும். நேரடியாகக் கடனுக்குப் போகும் பணத்துக்கு அந்த ஆபத்து இல்லை. உங்கள் இயல்பை நீங்கள்தான் அறிவீர்கள். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பலன் முழுவதும் 'கூடுதலாக' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அமெரிக்கக் கூட்டரசுக் கடன்களைப் பராமரிக்கும் நிறுவனங்கள், தவணைக்கு மேல் பணம் வந்தால் அடுத்த மாதத் தவணையை முன்கூட்டியே கட்டியதாக வரவு வைத்துக்கொண்டு, கெடு தேதியைத் தள்ளிப்போடுவது வழக்கம். நீங்களும் 'இந்த மாதம் கட்ட வேண்டியதில்லை' என்று விட்டுவிட்டால் கடன் வேகமாகக் குறையாது. கூடுதல் தொகை அசலில் கழிய வேண்டும், கெடு தேதியை மாற்றக்கூடாது என்று எழுத்தில் சொல்லி வைக்க வேண்டும். இந்திய வங்கியிலும் இதையே கேளுங்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய கடனை முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே கூடுதலாகக் கட்டத் தயங்க வேண்டாம். படிப்பு முடிந்தபின் கிடைக்கும் தவணை விடுப்புக் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். அந்த மாதங்களிலேயே நிறுவனத்தின் பணம் வரத் தொடங்கினால் பலன் மிக அதிகம்.

உங்கள் கேள்வியின் நடுமையத்துக்கு வருகிறேன். இந்திய வங்கிக் கடனுக்கு அமெரிக்க நிறுவனத்தின் உதவி செல்லுமா? அமெரிக்காவில் வேலைபார்க்கும் நம்மவர்கள் இதில்தான் அதிகம் குழம்புகிறார்கள். மனிதவளத் துறையினரே 'கூட்டரசுக் கடனுக்கு மட்டும்தான்' என்று சொல்லி அனுப்பிவிடுவது உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

தகுதியுள்ள கல்விக்கடன் எது என்பதை அதே சட்டத்தின் 221-ஆம் பிரிவு வரையறுக்கிறது. கடன் முழுவதும் உயர்கல்விச் செலவுக்காகவே வாங்கியதாக இருக்க வேண்டும். படித்த நிறுவனம், கூட்டரசின் மாணவர் நிதியுதவித் திட்டங்களில் பங்கேற்கும் தகுதி பெற்றதாக இருக்க வேண்டும். மாணவர் பட்டப்படிப்பில் குறைந்தது பாதி நேரமாவது படித்திருக்க வேண்டும். உறவினரிடம் வாங்கிய கடன் ஆகாது. வரையறை இவ்வளவுதான். கடன் தந்தவர் அமெரிக்க வங்கியாக இருக்க வேண்டும் என்றோ, கடன் டாலரில் இருக்க வேண்டும் என்றோ அதில் இல்லை. அங்கீகாரம் பெற்ற அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கச் சென்னையிலோ மதுரையிலோ உள்ள வங்கிக் கிளையில், உங்கள் பெயரில் வாங்கிய கல்விக்கடன் இந்த வரையறைக்குள் வரும். வேலையில் சேர்வதற்கு முன்பே வாங்கிய கடன் என்பதும் தடையில்லை. பிறகு குறைந்த வட்டிக்கு வேறு வங்கிக்கு மாற்றியிருந்தாலும், மாற்றியது அந்தக் கல்விக்கடனை மட்டும்தான் என்றால் தகுதி தொடரும்.

எங்கே சிக்கும் என்றால், கடன் யார் பெயரில் இருக்கிறது என்பதில். நம் வீடுகளில் மேல்நாட்டுப் படிப்புக்குப் பணம் திரட்டும் விதம் உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் வங்கிக் கல்விக்கடன், கொஞ்சம் அம்மாவின் நகைகளை அடகு வைத்தது, கொஞ்சம் அப்பா வீட்டுப் பத்திரத்தின் மேல் தன் பெயரில் வாங்கியது, மீதிக்கு மாமாவிடம் கைமாற்று. இவற்றில் உங்களைக் கடன்காரராகக் காட்டும் கல்விக்கடன் மட்டும்தான் 127-ஆம் பிரிவுக்குள் தடையின்றி வரும். பெற்றோர் இணைக் கடன்காரராகக் கையெழுத்திட்டிருப்பது பிரச்சினையில்லை. வங்கிகள் வழக்கமாகக் கேட்பதுதான் அது. ஆனால் அப்பா தன் பெயரில் மட்டும் வாங்கிய கடனை, அது உங்கள் படிப்புக்கே செலவாகியிருந்தாலும், நிறுவனம் வரியின்றி அடைக்க முடியாது. அது ஊழியரின் கடன் அல்ல. அடகு நகைக்கும் அதே நிலைதான். இதே காரணத்தால், அமெரிக்காவில் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் வாங்கும் கூட்டரசுக் கடனையும், மனைவி அல்லது கணவரின் படிப்புக்கடனையும் இந்தப் பிரிவின்கீழ் அடைக்க முடியாது. ஊழியர் தன் சொந்தப் படிப்புக்கு வாங்கிய கடன் மட்டுமே செல்லும். படிக்கப் போகும் தம்பி தங்கைகள் இருந்தால் இதை இப்போதே சொல்லி வையுங்கள். வட்டியில் அரை விழுக்காடு கூடினாலும், மாணவரின் பெயரில் முறையான கல்விக்கடனாக வாங்குவது பின்னாளில் பல வழிகளைத் திறந்துவைக்கும்.

சட்டப்படி தகுதி இருந்தும் நடைமுறையில் தடுக்கும் இன்னொன்று உண்டு. பல நிறுவனங்கள் இந்தச் சலுகையைத் தாங்களே நடத்துவதில்லை. இடைநிலை நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்துவிடுகின்றன. அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் அமெரிக்கக் கடன் பராமரிப்பு நிறுவனங்களின் பட்டியல் இருக்கும்; இந்திய வங்கியின் பெயர் இருக்காது. பட்டியலில் இல்லாத கடனுக்குப் பணம் அனுப்ப வழியில்லை என்பார்கள். அங்கே மனம் தளர வேண்டாம். நிறுவனம் கடன் தந்தவருக்கு நேரடியாகச் செலுத்தலாம், அல்லது ஊழியர் செலுத்தியதற்கு ஆதாரம் பெற்றுக்கொண்டு ஊழியருக்கே திருப்பித் தரலாம் என்று இரண்டு வழிகளையும் சட்டம் அனுமதிக்கிறது. உங்கள் திட்டம் இரண்டாவது வழியை ஏற்கிறதா என்பதுதான் கேள்வி. ஏற்றால் வங்கியின் கடன் அனுமதிக் கடிதம், பெயரோடு கூடிய கணக்கு அறிக்கை, செலுத்திய ரசீது, அன்றைய மாற்று மதிப்பு ஆகியவற்றைத் தந்தால் போதும். ஏற்கவில்லையென்றால் உங்களைப் பொறுத்தவரை அந்த 200 டாலர் இல்லாத பணம். அப்போது 84,000-ஐயும் 88,000-ஐயும் நேருக்கு நேர் ஒப்பிட வேண்டியதுதான்.

மனிதவளத் துறையிடம் இதைக் கேட்பதற்குத் தயங்குகிறவர்கள் நிறையப் பேர். புதிதாகச் சேர்கிறவன் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். கூசாதீர்கள். தகுதியுள்ள ஊழியருக்குத் திட்டத்தை அறிவிப்பது அவர்கள் கடமை. நிறுவனங்கள் பார்த்து எழுதிக்கொள்ள வரித்துறையே மாதிரித் திட்ட ஆவணம் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. உங்கள் கேள்வியால் திட்டத்தின் ஒரு வரி திருத்தப்பட்டால், அதே நிறுவனத்தில் உங்களுக்குப் பின்னால் வரும் வெளிநாட்டு மாணவர்கள் அத்தனை பேருக்கும் அது உதவும்.

அடுத்தது பலரும் கேள்விப்படாத, எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த ஏற்பாடு. இளைஞர்கள் கடன் கட்டுவதால் ஓய்வூதியச் சேமிப்பைத் தள்ளிப்போடுகிறார்கள். 401(கே) என்ற ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கில் ஊழியர் போடும் தொகைக்கு ஈடாக நிறுவனமும் ஒரு தொகை போடும். ஊழியர் எதுவும் போடவில்லையென்றால் நிறுவனமும் போடாது. ஆகவே கடன்காரர் இரண்டு முறை இழக்கிறார்: தன் சேமிப்பையும், நிறுவனத்தின் பங்கையும். ஆபட் என்ற மருத்துவப் பொருள் நிறுவனம் 2018-இல் இதற்கு ஒரு வழி கண்டது. ஊழியர் தன் ஊதியத்தில் 2 விழுக்காட்டைக் கல்விக்கடனுக்குக் கட்டினால், 401(கே)-யில் அவர் எதுவும் போடாவிட்டாலும் நிறுவனம் 5 விழுக்காட்டை அவர் கணக்கில் போடும். அதற்கு வரித்துறையிடம் தனிப்பட்ட ஒப்புதல் பெற்றுத் தொடங்கினார்கள். அந்த ஒரு நிறுவனத்தின் யோசனைதான் 2022 டிசம்பர் 29 அன்று கையெழுத்தான செக்யூர் 2.0 சட்டத்தின் 110-ஆம் பிரிவாக எல்லோருக்கும் வந்தது. 2024 முதல் எந்த நிறுவனமும், ஊழியர் கட்டும் கல்விக்கடன் தவணையை ஓய்வூதியச் சேமிப்புபோலவே பாவித்து அதற்கு ஈடான பங்கைப் போடலாம். கட்டாயமில்லை, விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம்.

உங்கள் கணக்கில் இதை வைத்துப் பாருங்கள். முதல் நிறுவனம் ஊதியத்தில் 4 விழுக்காடு வரை ஈடு போடும் என்றும், கடன் தவணையையும் ஏற்கும் என்றும் வைத்துக்கொள்வோம். நீங்கள் ஆண்டுக்குக் கடனுக்குக் கட்டுவது 6,300 டாலருக்கு மேல். ஆகவே சேமிப்பில் ஒரு டாலர்கூடப் போடாமலேயே ஆண்டுக்கு 3,360 டாலர் உங்கள் 401(கே) கணக்கில் ஏறும். ஆண்டுக்கு 7 விழுக்காடு வளர்ச்சி என்று கொண்டால், ஒரே ஓர் ஆண்டின் 3,360 டாலர் 35 ஆண்டுகளில் சுமார் 36,000 டாலராகும். இரண்டாவது நிறுவனத்திலும் 4 விழுக்காடு ஈடு இருக்கலாம். ஆனால் அதைப் பெற உங்கள் கையிலிருந்து 3,520 டாலர் போட்டாக வேண்டும். முதல் சில ஆண்டுகளில் ஊருக்குப் பணம் அனுப்பி, தவணையும் கட்டி, அதற்கு மேல் சேமிப்பிலும் போட முடியாது என்பது உங்கள் நிலையானால், முதல் வேலை தெளிவாக முந்திவிடுகிறது. முடிவு தலைகீழாகலாம் என்று நான் சொன்னது இதனால்தான்.

இந்த ஏற்பாட்டில் கடனின் வரம்பும் அகலமானது. மனைவி, கணவர், சார்ந்திருக்கும் பிள்ளைகள் ஆகியோரின் படிப்புக்காக நீங்கள் வாங்கிய கடனும் சேரும். வரித்துறை 2024 ஆகஸ்டில் தந்த வழிகாட்டுதல், குறிப்பிட்ட கல்லூரிக்கோ படிப்புக்கோ வாங்கிய கடன்களை மட்டும் ஏற்போம் என்று நிறுவனம் குறுக்கிக்கொள்ளக்கூடாது என்கிறது. செலுத்திய தொகை, தேதி, கடன் தகுதியுள்ளது என்ற உறுதிமொழி ஆகியவற்றை ஊழியர் ஆண்டுதோறும் தர வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஈடு கிடைப்பது நீங்கள் செலுத்திய பணத்துக்குத்தான். 127-ஆம் பிரிவின்கீழ் நிறுவனம் கட்டிய 200 டாலரை உங்கள் தவணையாகக் காட்டி, அதற்கும் ஈடு கேட்க முடியாது. அதேபோல், நிறுவனம் கட்டிய வட்டிக்கு ஆண்டுக்கு 2,500 டாலர் வரையிலான கல்விக்கடன் வட்டிக் கழிவையும் கேட்கக்கூடாது.

நிறுவனம் 401(கே)-யில் போடும் பங்கு உடனே உங்களுடையதாகிவிடாமல் இருக்கலாம். மூன்றாண்டுகள் முடிந்தால்தான் முழுவதும் சொந்தம் என்றோ, ஆறு ஆண்டுகளில் படிப்படியாகச் சொந்தமாகும் என்றோ திட்டத்தில் இருக்கும். விசாவை நம்பி வேலைபார்ப்பவர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எச்-1பி குலுக்கலில் பெயர் வராமல் ஊர் திரும்ப நேர்ந்தால், சொந்தமாகாத பங்கு நிறுவனத்துக்கே போய்விடும்.

அதைவிட எனக்கு அதிக அச்சம் தருவது திரும்பப் பெறும் நிபந்தனை. இரண்டாண்டுக்குள் வேலையை விட்டால் நாங்கள் கட்டிய தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று சில நிறுவனங்கள் எழுதிக்கொள்கின்றன. உள்ளூர்க்காரருக்கு அது ஓர் எரிச்சல். விசாவில் இருப்பவருக்கு அப்படியல்ல. வேலையைவிட்டு நீக்கப்பட்டால் எச்-1பி ஊழியருக்குக் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். அந்த அறுபது நாளில் புதிய வேலையைத் தேடுவதா, பழைய நிறுவனத்துக்குக் கடன் திருப்புவதா? 'நானாக விலகினால் மட்டும்' என்று எழுதியிருக்கிறதா, அல்லது 'எந்தக் காரணத்தால் வேலை முடிந்தாலும்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகையாக இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்ற மறுத்தால் அந்தச் சலுகையைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு வேலையை மதிப்பிடுங்கள். கலிபோர்னியா மாநிலம் 2026 ஜனவரி 1 முதல் கையெழுத்தாகும் ஒப்பந்தங்களில் இத்தகைய 'இரு, இல்லையேல் கட்டு' நிபந்தனைகளைச் சில விலக்குகளோடு தடைசெய்துவிட்டது. ஊழியரைப் பணத்தால் கட்டிப்போடும் வழக்கம் ஒழிய வேண்டியதுதான்; டெக்சாஸில் இருக்கும் உங்களுக்கு அந்தச் சட்டம் துணை வராது.

அமெரிக்கக் கூட்டரசுக் கடன் வைத்திருக்கும் குடியுரிமைக்காரர்களும் பச்சை அட்டைக்காரர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு சொல். அரசு அலுவலகங்களிலும், இலாப நோக்கற்ற மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்களிலும் வேலைபார்ப்பவர்களுக்கு 2007-இல் வந்த பொதுச்சேவைக் கடன் தள்ளுபடித் திட்டம் உண்டு. 120 தகுதியான மாதத் தவணைகளுக்குப்பின் மீதிக்கடன் நீங்கும். அந்தப் பாதையில் இருப்பவர், நிறுவனத்தின் உதவியைத் தவணைக்கு மேல் கூடுதலாகப் போட்டால் தள்ளுபடியாக இருந்த பணத்தைத்தான் வீணாக அடைக்கிறார். உதவித்தொகை தவணைக்குப் பதிலாகச் செல்லும்படி கேட்பதே அவருக்குச் சரி. மேலே உங்களுக்கு நான் சொன்ன அறிவுரைக்கு இது நேர் எதிரானது. கூட்டரசு அலுவலகங்கள் தம் ஊழியருக்கு ஆண்டுக்கு 10,000 டாலரும், மொத்தமாக 60,000 டாலர் வரையும் கூட்டரசுக் கடனுக்குக் கட்டலாம்; பதிலுக்குக் குறைந்தது மூன்றாண்டுப் பணி ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும்.

ஊர் திரும்பினால் இந்திய நிறுவனமும் இப்படி உதவுமா என்றும் கேட்டிருந்தீர்கள். உதவலாம், ஆனால் வரிச்சலுகை இல்லை. ஊழியர் கட்ட வேண்டிய கடனை நிறுவனம் கட்டினால், அந்தத் தொகை ஊதியத்தோடு சேர்ந்த சலுகையாகக் கருதப்பட்டு முழுவதும் வரிக்கு உட்படும். மேல் அடுக்கில் இருப்பவருக்கு நிறுவனம் தரும் நூறு ரூபாயில் முப்பதுக்கு மேல் வரியாகப் போய்விடும். 80ஈ என்று எல்லோரும் அறிந்திருக்கும் கழிவு, ஊழியர் செலுத்தும் வட்டிக்கு மட்டும்தான். அதுவும் எட்டு ஆண்டுகள் வரை, பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும். அசலுக்கு எதுவும் இல்லை. கல்விக்கடன் வாங்கிப் பொறியியலும் செவிலியமும் படித்துவிட்டு, முதல் சம்பளத்திலிருந்தே தவணை கட்டும் பிள்ளைகள் தமிழ்நாட்டில் ஏராளம். நிறுவனம் அவர்கள் கடனுக்குக் கட்டும் பணத்துக்கு ஒரு வரம்பு வரையாவது விலக்கு தந்தால், தொழில் நிறுவனங்கள் பல இதை மகிழ்ச்சியோடு தொடங்கும் என்று உறுதியாக நம்புகிறேன். அமெரிக்காவில் நிறுவனங்களே முதலில் செய்துகாட்டின, சட்டம் பின்னால் வந்தது. இங்கேயும் யாராவது தொடங்கட்டும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, முதல் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல். 127-ஆம் பிரிவுத் திட்ட ஆவணத்தின் பிரதியைக் கேளுங்கள். என் பெயரிலுள்ள, வெளிநாட்டு வங்கியின் கல்விக்கடனை ஏற்பீர்களா, ஏற்றால் நான் செலுத்தியதைத் திருப்பித் தரும் முறை உண்டா என்று கேளுங்கள். சேர்ந்த நாளிலிருந்தே தொடங்குமா, ஓராண்டு காத்திருக்க வேண்டுமா? பயன்படுத்தாத தொகையை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்ல முடியாது என்பதால் இது முக்கியம். மொத்த உதவிக்கு உச்சவரம்பு எவ்வளவு, விலகினால் திருப்பித் தர வேண்டுமா, 401(கே)-யில் கடன் தவணைக்கு ஈடு உண்டா, அது எத்தனை ஆண்டில் சொந்தமாகும் என்றும் கேளுங்கள். பதில் வரும்வரை இரண்டாவது நிறுவனத்திடம் ஒரு வாரம் அவகாசம் கேட்கலாம், தருவார்கள்.

வெளிநாட்டுக் கடனை ஏற்று, தவணைக்கு ஈடும் உண்டு என்று பதில் வந்தால் முதல் வேலையை எடுங்கள். கடனை ஏற்கிறார்கள், ஆனால் ஈடு இல்லை என்றால் இரண்டாவது வேலையை எடுத்து, வரி போகக் கூடுதலாக வரும் 3,100 டாலரைத் தானாகவே வங்கிக்குப் போகும்படி முதல் சம்பளத்திலேயே ஏற்பாடு செய்துவிடுங்கள். பதிலே வரவில்லையென்றாலும் இரண்டாவதுதான்.